பொடி எழுத்தில் மஞ்சள்

பேலன்ஸ் ஷீட் படிப்பதற்கு எங்கள் காலேஜ் அக்கவுன்டன்சி வாத்தியார் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். 'முதல் பக்கத்துல சேர்மன் சிரிச்சுக்கிட்டு நிப்பார். நீயும் ஒரு தடவை சிரிச்சுட்டுப் பக்கத்தைத் திருப்பு. கடைசியில கண்ணு வலிக்கிற மாதிரி பொடி எழுத்துல குறிப்பு போட்டிருப்பான். கம்பெனி அங்கதான் குடியிருக்கு.' பி.காமில் படித்த மற்றதெல்லாம் ஆவியாகிவிட்டது. இது மட்டும் தங்கிவிட்டது. ஆடிட்டர் ஆகியிருந்தால் எங்காவது உபயோகப்பட்டிருக்கும். பத்திரிகைக்காரனாகிவிட்டதால், அந்த வித்தையை இப்போது ஃபேஸ்வாஷ் டியூபில் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

காலேஜ் போகிற பெண் இருக்கும் வீடுகளில் பாத்ரூம் அலமாரியைப் பார்த்திருப்பீர்கள். என் பங்கு ஒரு சோப்பு, ஒரு ரேஸர், ஒரு தேங்காயெண்ணெய். மீதி இடம் முழுக்க மகளுடையது. டோனர், சீரம், எசென்ஸ், மாய்ஸ்சரைசர். சீரம் என்றால் எனக்குத் தெரிந்தது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் வரும் சீரம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரன்ட் இல்லாத மதியம், அவ்வளவு பாட்டில்களையும் ஹாலில் பரப்பிவைத்துக்கொண்டு பின்பக்கங்களை வாசிக்க ஆரம்பித்தேன். 'அப்பாவுக்கு என்ன ஆச்சு?' என்று மகள் அம்மாவிடம் கேட்டாள். 'கரன்ட் வந்தா சரியாயிடும்' என்றாள் அம்மா.

சேர்மன் போட்டோ முன்பக்கம். அதாவது, மஞ்சள் கிழங்கு, சந்தனக் கட்டை, கிண்ணம் நிறைய குங்குமப்பூ. பின்பக்கம் பொடி எழுத்து. அதில் முதல் சொல் பெரும்பாலும் 'அக்வா'. லத்தீனில் தண்ணீர். கார்ப்பரேஷன் குழாயில் வந்தால் தண்ணீர், டியூபுக்குள் போய்விட்டால் அக்வா! அழகுசாதனப் பொருட்களுக்கென்று உலகம் முழுக்கப் பொதுவாக ஒரு பெயர்ப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் செடிகொடிகளுக்குத் தாவரவியல் பெயர்தான். நம் வேம்பு அங்கே அசாடிரக்டா இண்டிகா. தேங்காய், கோகோஸ் நியூசிஃபெரா. மஞ்சள், குர்குமா லாங்கா. டோகோஃபெரால் என்று மிரட்டுவது வைட்டமின் ஈ. ஏமாற்றுவதற்காக வைத்த பெயர்கள் இல்லை இவை. சென்னையில் வாங்குகிறவரும் பாரிஸில் வாங்குகிறவரும் ஒரே பொருளை ஒரே பெயரால் அறிய வேண்டும் என்பதற்காக. ஆனால் நடைமுறையில், இரண்டு பேருக்குமே புரிவதில்லை.

பெயர் புரியாவிட்டாலும் போகட்டும், வரிசை புரிய வேண்டும். எது அதிகமாக இருக்கிறதோ அது முதலில், குறைவானது பின்னால். நம் நாட்டில் 2020-ல் வந்த காஸ்மெடிக்ஸ் விதிகளும் இதைத்தான் சொல்கின்றன. இதில் ஒரு சின்ன சலுகை இருக்கிறது. 1 சதவிகிதமும் அதற்குக் கீழும் உள்ள சரக்குகளை எந்த வரிசையில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். கோடு எங்கே விழுகிறது என்று லேபிள் சொல்லாது. கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு. ஃபீனாக்ஸி எத்தனால் என்று ஒரு பதப்படுத்தும் பொருள் முக்கால்வாசி பாட்டில்களில் இருக்கும். ஐரோப்பிய விதிப்படி அது 1 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. ஆக, பட்டியலில் அந்தப் பெயர் வந்துவிட்டதென்றால், அதற்குப் பிறகு வருவதெல்லாம் அநேகமாக 1 சதவிகிதத்துக்கும் கீழே. அன்றைக்கு நான் பார்த்த ஒரு ஃபேஸ்வாஷில் முன்பக்கம் முழுக்க மஞ்சள் கிழங்கு. பின்பக்கத்தில் மஞ்சள் 17-வது. ஃபீனாக்ஸி எத்தனாலுக்கும் அந்தப் பக்கம், வாசனைக்கும் அந்தப் பக்கம், சாயத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். நூறு மில்லி டியூபில் ஒரு கிராம்கூட இல்லை. கூட்டாஞ்சோற்றில் நெய் காட்டியது போல.

'ஆயுர்வேத' என்று போட்ட கிரீம்களில் இன்னொரு சுவாரஸ்யம். நாலைந்து மூலிகை மில்லிகிராம் கணக்கில் இருக்கும். கடைசியில் 'கிரீம் பேஸ் - க்யூ.எஸ்.' என்று முடித்திருப்பார்கள். இதுவும் லத்தீன்தான். 'தேவையான அளவு' என்று அர்த்தம். சமையல் குறிப்பில் 'உப்பு - தேவையான அளவு' என்று எழுதுவார்களே, அதே. ஒரே வித்தியாசம், இங்கே உப்பு சில கிராம். சாம்பார் பாக்கியெல்லாம் 'தேவையான அளவு'.

எந்தக் கணக்குப் புத்தகத்திலும் 'இதர செலவுகள்' என்று ஒரு தலைப்பு இருக்கும். நல்ல ஆடிட்டர் முதலில் அங்கேதான் விரலை வைப்பார். லேபிளில் அந்தத் தலைப்பின் பெயர் 'ஃப்ராக்ரன்ஸ்', அல்லது 'பர்ஃப்யூம்'. ஒரே சொல். உள்ளே பத்து சரக்கும் இருக்கலாம், ஐம்பதும் இருக்கலாம். தொழில் ரகசியம் என்று விலக்கு வாங்கியிருக்கிறார்கள். அலர்ஜிக்காரர்களுக்கு வில்லங்கம் தொடங்கும் இடம் அநேகமாக இதுதான். அதனால்தான் ஐரோப்பாவில், லிமோனின், லினலூல், ஜெரானியால், யூஜினால் என்று 26 வாசனைப் பொருட்களையாவது தனியாகப் பெயர் சொல்லி எழுதியாக வேண்டும் என்று வைத்தார்கள். 2023-ல் அந்தப் பட்டியலை 80-க்கும் மேல் நீட்டிவிட்டார்கள். இவற்றில் பாதி இயற்கைச் சரக்கு என்பதைக் கவனியுங்கள். யூஜினால் கிராம்பில் இருப்பது. லிமோனின் ஆரஞ்சுத் தோலில் இருப்பது. தோலுக்கு இயற்கை, செயற்கை என்கிற ஜாதி வித்தியாசமெல்லாம் தெரியாது.

'அன்சென்டெட்' என்று எழுதியிருந்தால் வாசனைப் பொருளே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மூலப்பொருளின் நாற்றத்தை அமுக்குவதற்கென்றே வாசனை சேர்த்து, மொத்தத்தில் எந்த வாசனையும் தெரியாமல் செய்திருக்கலாம். 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ' என்பது வேறு. முகர்ந்து பார்த்து முடிவு செய்கிற விஷயமே இல்லை இது.

'ஹைப்போஅலர்ஜெனிக்' என்ற சொல்லுக்கு ஒரு கோர்ட் கதை இருக்கிறது. அலர்ஜி குறைவாக வரும் என்பதுதான் அர்த்தம். எதைவிடக் குறைவாக? அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இதைத்தான் கேட்டது. 1975-ல் ஒரு விதி போட்டது. இந்தச் சொல்லைப் போட வேண்டுமானால் மனிதர்கள் மேல் சோதித்து, போட்டிச் சரக்குகளைவிட அலர்ஜி குறைவு என்று நிரூபித்துவிட்டுப் போடுங்கள் என்றது. நியாயம்தானே? ஆல்மே, கிளினிக் என்று இரண்டு கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 1977-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதியைச் செல்லாது என்று தள்ளிவிட்டது. அன்றிலிருந்து அந்த நாட்டில் அந்தச் சொல்லுக்கு, அதைப் போடுகிற கம்பெனி என்ன அர்த்தம் வைத்திருக்கிறதோ அதுவே அர்த்தம். 'டெர்மட்டாலஜிக்கலி டெஸ்டட்' என்பதும் இதன் ஒன்றுவிட்ட தம்பிதான். டாக்டர் சோதித்தார் என்கிறது. சோதித்துவிட்டு என்ன சொன்னார் என்று சொல்வதில்லை.

'நான்-காமெடோஜெனிக்' என்பது முகத்துவாரத்தை அடைக்காது, பரு வராது என்று வாக்குக் கொடுக்கிற சொல். இதன் பூர்வாசிரமம் முயல் காது. 1970-களில் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் டாக்டரும் அவர் சகாவும், ஒவ்வொரு சரக்காக முயலின் காதுக்குள் தடவி, துவாரம் அடைகிறதா என்று பார்த்தார்கள். முயல் காது நம் கன்னத்தைவிடச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும் என்று பிறகு தெரிந்தது. அதற்குள் பட்டியல் உலகம் சுற்றக் கிளம்பிவிட்டது. இன்றைக்கும் 'இந்த எண்ணெய்க்கு 4 மார்க், அந்த எண்ணெய்க்கு 2 மார்க்' என்று யாராவது உங்களுக்குச் சொன்னால், மார்க் போட்டதில் முயலுக்கும் பங்கு உண்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பாரபென் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 'பாரபென் ஃப்ரீ' என்று கொட்டை எழுத்தில் போடாத பாட்டிலைத் தேடினாலும் கிடைப்பதில்லை.

தண்ணீர் சேர்ந்த எதுவும் கெடும். இட்லி மாவு ஃப்ரிட்ஜில் இருந்தாலும் எத்தனை நாள் தாங்கும்? கிரீம் என்பது தண்ணீரும் எண்ணெயும் கலந்த மாவு. அதில் நாம் தினம் விரலை வேறு விடுகிறோம். பூஞ்சையும் கிருமியும் சேராமல் இருக்க ஏதாவது போட்டுத்தான் ஆக வேண்டும். பல பத்தாண்டுகளாக அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துவந்தது பாரபென் குடும்பம். 2004-ல் இங்கிலாந்தில் ஃபிலிப்பா டார்பர் என்ற ஆராய்ச்சியாளரின் குழு, 20 மார்பகக் கட்டிகளின் திசுவைப் பரிசோதித்து, அதில் பாரபென் இருக்கிறது என்று எழுதியது. கட்டி வந்ததற்குப் பாரபென்தான் காரணம் என்று அந்தக் கட்டுரை நிரூபிக்கவில்லை. ஆனால் 'மார்பகம்', 'புற்றுநோய்', 'கிரீம்' என்று மூன்று சொற்கள் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டால், அதற்குப் பிறகு யார் கட்டுரையைப் படிக்கிறார்கள்? என் தொழிலும் பத்திரிகைதான். தலைப்பு எப்படி வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

கம்பெனிகள் பாரபெனைக் கழற்றிவிட்டன. காலி இடத்துக்கு ஆள் வேண்டுமே. பலர் மெத்தில் ஐசோதையசோலினோன் என்ற ஒன்றைக் கூட்டிவந்தார்கள். குழந்தைகளுக்குத் துடைக்கிற ஈரக் காகிதத்தில்கூட அது ஏறியது. சில வருஷங்களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தோல் டாக்டர்களிடம் அரிப்பும் சிவப்புமாகக் கூட்டம். அமெரிக்க ஒவ்வாமைத் தோல் நோய் டாக்டர்கள் சங்கம் 2013-க்கான 'ஆண்டின் அலர்ஜிப் பொருள்' பட்டத்தை அதற்குக் கொடுத்தது. தடவிவிட்டுக் கழுவாமல் விடுகிற கிரீம்களில் இது கூடாது என்று 2016-ல் ஐரோப்பா சட்டம் போட்டது. உச்சக்கட்டத்தைக் கேளுங்கள். 2019-ல் அதே டாக்டர்கள் சங்கம் பாரபெனுக்கு 'அலர்ஜியே இல்லாத பொருள்' என்று ஒரு பட்டம் கொடுத்தது! இதற்கு நடுவில் 2014-ல் ஐரோப்பா ஐந்து வகைப் பாரபென்களைத் தடை செய்து, இன்னும் இரண்டுக்கு அளவைக் குறைத்ததும் உண்மை. மெத்தில், எத்தில் இரண்டும் இன்னும் அனுமதிக்கப்பட்டவைதான். ஆக, 'பாரபென் ஃப்ரீ' என்று படித்தால் நான் கேட்கிற கேள்வி, 'சரிங்க, அதுக்குப் பதிலா யாரு?'

சோப்புக்கு வருவோம். இது நம் ஊர்க் கணக்கு. சோப்பு உறையில் டி.எஃப்.எம். என்று ஒரு எண் இருக்கும். மொத்தக் கொழுப்புச் சத்து. பி.ஐ.எஸ். 2004-ல் வகுத்தபடி, 76 சதவிகிதம் இருந்தால் முதல் தரக் குளியல் சோப், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். 'டாய்லெட் சோப்' என்று உறையில் போட்டிருந்தால் இந்தக் கணக்கு. 'பாத்திங் பார்' என்று போட்டிருந்தால் கணக்கே வேறு. 40 இருந்தால் போதும். இரண்டும் கடையில் ஒரே தட்டில், ஒரே அளவில், ஒரே மாதிரி ரோஜாப் பூவோடு உட்கார்ந்திருக்கும். என் மாமனார் சோப்பு வாங்கும்போது கண்ணாடியை மாட்டிக்கொண்டு 'கிரேடு ஒன்' என்ற எழுத்தைத் தேடுவார். காசுக்கேற்ற சோப்பு கிடைக்க அது நல்ல வழி. ஆனால் டி.எஃப்.எம். கூடினால் மிருது கூடும் என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அது தப்பு. நிஜ சோப்பு எதுவானாலும் காரம்தான், பி.ஹெச். 9, 10 என்று நிற்கும். நம் தோல் 5-ஐ ஒட்டிய லேசான அமிலம். தோலைப் போலவே 5.5 வேண்டுமென்றால் அது சோப்பாகவே இருக்க முடியாது, செயற்கைச் சலவைப் பொருளில் செய்த கட்டியாகத்தான் இருக்கும். அந்தக் கட்டியும் 'பாத்திங் பார்' தட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. மாமனாரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

சன் ஸ்கிரீனில் எஸ்.பி.எஃப். என்ற எண், எங்கள் எகனாமிக்ஸ் பாடத்தில் வரும் குறைந்து செல் இறுதிநிலைப் பயன் விதிக்கு அருமையான உதாரணம். 15 என்றால், தோலைச் சிவக்கவைக்கும் கதிரில் சுமார் 93 சதவிகிதம் தடுக்கும். 30 என்றால் 97. 50 என்றால் 98. முப்பதிலிருந்து ஐம்பதுக்குத் தாவ நீங்கள் கூடுதலாகக் கொடுக்கிற காசு அந்த ஒரு சதவிகிதத்துக்கு. இதெல்லாம்கூட சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவினால்தான். நாம் பொட்டு வைப்பது போல நாலு இடத்தில் வைத்துத் தேய்த்துக்கொள்கிறோம். எண் முப்பதோ ஐம்பதோ, இந்தத் தேய்ப்பில் கரைந்துவிடும். பக்கத்தில் பி.ஏ. என்று போட்டு மூன்று நான்கு கூட்டல் குறி இருந்தால், அது ஜப்பான்காரர்கள் கொண்டுவந்த அளவு. தோலைக் கருக்கவும் சுருங்கவும் வைக்கிற இன்னொரு வகைக் கதிருக்கானது. என்னைக் கேட்டால், எஸ்.பி.எஃப். எண்ணை விட்டுவிட்டுக் கூட்டல் குறியை எண்ணுங்கள்.

எசென்ஷியல் ஆயில் என்றால் அத்தியாவசிய எண்ணெய் என்று ஒரு கடை போர்டில் மொழிபெயர்த்திருந்தார்கள். ரேஷனில் போடுவார்களோ என்று பயந்துவிட்டேன். எசென்ஸ், சாரம், அதிலிருந்து வந்த சொல் அது. வாசனைச் சாரம். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் ஜாதி இல்லை. ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டுப் பாருங்கள். தேங்காயெண்ணெய் பஜ்ஜிக் காகிதம் போலக் கறையாக நிற்கும். வாசனை எண்ணெய் கொஞ்ச நேரத்தில் பறந்துவிடும். பறக்காமல் கறை நின்றால், யாரோ மலிவு எண்ணெயைக் கலந்திருக்கிறார்கள்.

நமக்கு நெருங்கிய உதாரணம், நீலகிரி தைலம். யூகலிப்டஸ் மரமே ஊட்டிக்கு வந்தது 1843-ஐ ஒட்டி, ஆஸ்திரேலியாவிலிருந்து; வெள்ளைக்காரர்களுக்கு விறகு வேண்டியிருந்தது. இலையைச் செம்புக் கொப்பரையில் அடைத்து, நீராவி விட்டு, குளிரவைத்து, மேலே மிதப்பதை வழித்தால் தைலம். சித்த வைத்தியத்தில் தைலம் என்றால் மூலிகையை எண்ணெயில் போட்டுக் காய்ச்சி எடுப்பது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததில்தான் ஆபத்து. காய்ச்சிய தைலத்தை உள்ளங்கை நிறைய எடுத்துத் தேய்க்கலாம். நீராவியில் வடித்ததைத் துளிக் கணக்கில், வேறு எண்ணெயில் கலந்துதான் தோலில் வைக்க வேண்டும். குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால் வலிப்பு வரும். தயவுசெய்து பாட்டிலை உயரத்தில் வையுங்கள்.

மல்லிகை இந்தக் கொப்பரைக்கு அடங்காது. சூட்டில் செத்துப்போகும் வாசனை அது. ஹெக்சேன் போன்ற கரைப்பானில் ஊறவைத்து மெழுகு மாதிரி 'கான்க்ரீட்' எடுப்பார்கள். அதை ஆல்கஹாலில் கழுவினால் 'அப்சல்யூட்'. இதெல்லாம் கட்டட வேலைச் சொற்கள் இல்லை, வாசனைத் திரவியத் தொழிலின் சொற்கள். ஒரு டன் பூவுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கிடைத்தால் பெரிது. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. முகூர்த்த நாளில் மாட்டுத்தாவணியில் கிலோ என்ன விலை போகும் என்று உங்களுக்கே தெரியும். ஆயிரத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். அப்புறம், 15 மில்லி 'சுத்தமான மல்லிகை எண்ணெய்' 200 ரூபாய் என்று எழுதிய பாட்டிலைக் கையில் எடுங்கள். 'தெரபியூட்டிக் கிரேடு' என்றும் அதில் போட்டிருப்பார்கள். அப்படி ஒரு கிரேடு கொடுக்கிற அரசு அலுவலகம் எங்கும் கிடையாது. விற்பவரே வைத்து, விற்பவரே கொடுத்துக்கொள்கிற மெடல்.

இதுவரை சொன்னதெல்லாம் காசு நஷ்டம், மிஞ்சிப்போனால் கொஞ்சம் அரிப்பு. அடுத்தது அப்படி இல்லை.

என் அக்கா திருச்சியில் இருக்கிறாள். அவள் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு இடத்தில் பதில் வரவில்லை. வராததற்கு ஆயிரம் காரணம் இருக்கும். அக்கா ஒரே காரணத்தைக் கண்டுபிடித்தாள். நிறம். 1975-ல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தபோது அக்காவுக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதுகூட இல்லை. அந்த டியூபோடு சேர்ந்து வளர்ந்த தலைமுறை. 2020-ல் அதன் பெயரை க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றினார்கள். 'ஃபேர்' போய் 'க்ளோ', 'பிரைட்', 'ரேடியன்ஸ்', 'ஈவன் டோன்' எல்லாம் வந்துவிட்டன. டப்பாவில் மாற்றலாம். அக்காவிடம் மாற்ற முடியுமா? தெருமுனை மருந்துக் கடைக்காரர் ஒரு டியூபை எடுத்து நீட்டி, 'ரெண்டே வாரத்துல தெரியும்மா' என்றிருக்கிறார்.

தெரிந்தது. அவர் சொன்னது பொய்யில்லை. பெண் பளிச்சென்று ஆனாள். அக்கா பூரித்துப்போனாள். ஆறு மாதம் விடாமல் தடவியிருக்கிறாள். வெயிலில் போனால் எரிச்சல். ஒருமுறை டியூப் தீர்ந்து மூன்று நாள் தடவாமல் இருந்தபோது முகம் சிவந்து, வீங்கி, சின்னச் சின்னப் பருவாக வெடித்துவிட்டது. 'மாமா, ஏதோ மாதிரி இருக்கு. பாருங்க' என்று போட்டோ அனுப்பினாள். 'முகம் இருக்கட்டும்மா, டியூபோட பின்பக்கத்தை எடுத்து அனுப்பு' என்றேன்.

மூன்றே பெயர்கள். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாய்ன், மொமெட்டசோன். ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. இந்தக் கோட்டை நீங்கள் எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்துக்கு அடையாளம் அது. அழகு கிரீம் என்று கடையில் கொடுத்தது அழகு கிரீமே இல்லை. மங்கு போன்ற பிரச்னைக்கு, டாக்டர் மேற்பார்வையில், கொஞ்ச நாளைக்குத் தடவ வேண்டிய மருந்து. மூன்றாவது பெயர் ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் எல்லாம் அதன் உறவுக்காரர்கள். முதலில் தோலை வெளுக்கவைக்கும், வழவழப்பாக்கும். போகப்போகத் தோல் மெலிந்து, உள்ளேயிருக்கும் ரத்த நாளம் சிவப்பு நூல் மாதிரி வெளியே தெரியும். பெண்களுக்கு முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் எரியும், எரிகிறதே என்று திரும்பத் தடவினால் அடங்கும். குடிகாரனுக்குக் காலையில் கை நடுங்குகிற கதைதான். இந்த முகத்துக்கு இந்திய டாக்டர்கள் ஒரு தனிப் பெயரே வைக்க வேண்டிவந்தது: ஸ்டீராய்டால் சேதமான முகம். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டும் என்று அட்டவணை ஹெச்சில் சேர்த்தது. தெருமுனைக் கடைக்காரருக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை போலிருக்கிறது.

திருச்சியிலேயே ஒரு தோல் டாக்டரிடம் போனார்கள். அந்த அம்மா டியூபைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாராம். 'இந்த வாரத்துல நீங்க நாலாவது' என்றாராம். முகம் பழையபடி ஆக எட்டு மாதம் பிடித்தது. அந்த எட்டு மாதமும் அக்கா பெண் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. ஆபீசுக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு போனாள். கொரோனா நல்லவேளை அதற்கொரு சாக்கை விட்டுவிட்டுப் போயிருந்தது.

இந்த தீபாவளிக்கு மறுநாள் அவளிடமிருந்து போன். 'மாமா, சொந்தக்காரர் ஒருத்தர் கல்ஃப்ல இருந்து வந்தாரு. அம்மா அவர்கிட்ட சொல்லி ஒரு கிரீம் வாங்கி வச்சிருக்காங்க.'

'பின்னாடி என்ன எழுதியிருக்கு, படி.'

'ஒண்ணுமே எழுதலை மாமா. முன்னாடி ஒரு பொண்ணு படம். கீழே, நகையில படாம தடவணும்னு இங்கிலீஷ்ல ஒரு வரி. அவ்வளவுதான்.'

எனக்குக் கை ஜில்லென்று ஆகிவிட்டது. தங்கத்தில், வெள்ளியில், அலுமினியத்தில் படாமல் தடவுங்கள் என்று ஒரு கிரீம் சொன்னால், அதில் பாதரசம் இருக்கலாம் என்று சந்தேகப்படச் சொல்கிறது எஃப்.டி.ஏ. பாதரசம் தங்கத்தோடு சேர்ந்துகொள்ளும் என்பது நம் ஊர்ப் பத்தர்களுக்குப் பரம்பரையாகத் தெரிந்த விஷயம். தோலில் நிறமி உண்டாவதை அது தடுக்கும், அதனால் வெளுக்கும். தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் உட்காரும். கேரளாவில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக டாக்டர்கள் 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அபூர்வமான ஒரே ரகம். அந்த 15-ல் 13 பேர் சிவப்பழகு கிரீம் தடவியவர்கள். கால் வீக்கம், நுரைநுரையாகச் சிறுநீர் என்று வந்திருக்கிறார்கள். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் இறங்கியிருக்கிறது. 2020 விதிகளில் கண் மை போன்றவை தவிர மற்ற அழகுசாதனங்களில், தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றுதான் எழுதியிருக்கிறார்கள். லேபிளே இல்லாத டப்பா அந்த விதியை எங்கே படித்திருக்கப்போகிறது?

'அம்மாகிட்ட போனைக் குடு' என்றேன்.

கோட்டக்கல் கதையைச் சொன்னேன். அக்கா அமைதியாகக் கேட்டாள். 'அவ தடவ மாட்டா, சரி. நான் கையில மட்டும் போட்டுக்கிறேன்டா' என்றாள்.

'அக்கா!'

'ரெண்டாயிரம் ரூபா கொடுத்திருக்கேன்டா, சும்மா தூக்கிப்போடச் சொல்றியா?'

இதற்கு பி.காமில் 'சங்க் காஸ்ட்' என்று பெயர். போன காசு போனதுதான், அதை இனிமேல் எடுக்கிற முடிவில் கணக்குப் பார்க்கக் கூடாது என்று வாத்தியார் இரண்டே நிமிடத்தில் நடத்திவிட்டுப் போனார். அக்காவுக்கு அரை மணி நேரம் ஆயிற்று.